பின்னறைக் காற்று

பஞ்சரக்காவின் வீட்டுப் பின்னறையில் காற்று இருநூற்றைம்பது கோடி ஆண்டுகள் பின்தங்கியிருந்தது. முன்னறையிலும் சமையலறையிலும் அன்றன்றைய காற்றுதான்: லாரிப் புகை, எதிர்ப்பக்கப் பெயிண்ட் கடையின் தின்னர் நெடி, யார் வீட்டிலோ அடிப்பிடித்த பால் என்று தெருவில் எல்லாருக்கும் கிடைப்பது. பின்னறைக் கதவைத் திறந்தால் மட்டும் வேறு. உள்ளே பறந்து போன கொசு பாதி வழியில் விழுந்துவிடும். தீக்குச்சியை உரசினால் அதன் தலை ஒரு சீறு சீறிவிட்டு அணைந்துவிடும். எலி, பல்லி, கரப்பான் எதுவும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. மளிகைக் கடைக்காரர் இதைக் கேள்விப்பட்டு, தன் பருப்பு மூட்டைகளை அங்கே அடுக்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். வண்டு பிடிக்காது அல்லவா. அவருடைய ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, மூட்டையைப் போட்டுவிட்டு, விழி பிதுங்க வெளியே வருவார்கள். அந்த வருடம் ஊரிலேயே நல்ல பருப்பு அவர் கடையில்தான் கிடைத்தது.

அந்தக் காற்று அவள் கணவர் போட்ட குழியிலிருந்து வந்தது. அவர் போர் வண்டியில் வேலை பார்த்தவர். ஊரில் பாதி வீடுகளுக்கு நிலத்தைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர். ஒரு வீட்டில் முந்நூறு அடி போட்டால் பக்கத்து வீட்டில் நானூறு போடச் சொல்வார்கள். முந்நூறில் இருந்த தண்ணீர் நானூறுக்கு இறங்கிவிடும். முதல் வீட்டுக்காரர் ஐந்நூறு போடக் கூப்பிடுவார். இப்படியே தண்ணீரைத் துரத்திக்கொண்டு போனதில், அவர் சொந்த வீட்டுக்கு என்று வரும்போது ஆயிரம் அடி தாண்டியும் புழுதிதான் பறந்தது. ஒரு கோடையில் முதலாளி இரண்டு நாள் வண்டியை விட்டுக்கொடுத்தார். இரண்டாம் நாள் மதியம் புழுதி சட்டென்று நின்றது. அவள் நான்கு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். ஒரு கையை உயர்த்தினார். வாய் அசைந்தது. கம்ப்ரெசர் போட்ட இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. "என்ன?" என்று கத்தினாள். அவர் குழியை எட்டிப் பார்க்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே மடிந்து உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். தூக்கப் போன இரண்டு ஆட்களும் மயங்கி விழுந்து, காலைப் பிடித்து இழுத்த பிறகு பிழைத்தார்கள். அவர் பிழைக்கவில்லை.

இறப்பைப் பதிவு செய்யப் போன இடத்தில், எப்படி இறந்தார் என்று கேட்டார்கள். "போர்ல" என்றாள். எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றார். "எந்தப் போர்லம்மா?" என்றார், குரல் தழுதழுக்க. "எங்க வீட்டுப் பின்பக்கம்" என்றாள். அன்று அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டதற்காகத் திரும்பும் வழியெல்லாம் அழுதாள்.

குழிக்குள்ளிருந்து வந்த காற்று பக்கத்து வீட்டுக் கோழிகளைக் கொன்றது, ஓர் ஆட்டுக்குட்டியைக் கொன்றது. குழியின் மேல் பலகைக்கல்லைப் போட்டு மூடினார்கள். கல்லின் விளிம்பு வழியாக வந்தது. கடைசியில் சுற்றி நான்கு சுவர் எழுப்பி, மேலே தகரம் போட்டு, வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி ஓடு பதித்து, கதவு வைத்தார்கள். அப்படித்தான் அந்த வீட்டுக்குப் பின்னறை வந்தது. போர் வண்டி முதலாளி தன் பங்குக்கு அந்தக் கம்ப்ரெசரையே கொடுத்தார். அதன் பக்கத்தில் நிற்க அவருடைய ஆட்கள் மறுத்துவிட்டார்கள். அதை வாசலில் நிறுத்தி அவள் பஞ்சர் கடை போட்டாள். மலையைத் துளைக்கும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு சைக்கிளுக்குக் காற்றடிக்கிறாள் என்று தெரு சிரித்தது. நான்கைந்து டியூப் வெடித்த பிறகுதான் கை படிந்தது. பிறகு பஞ்சரக்கா என்று ஆகிவிட்டாள்.

ஒரு விஷயம் மட்டும் அவளை விடவில்லை. அவர் என்ன சொன்னார்? டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கும்போது யோசிப்பாள். சாப்பாடு எடுத்து வை என்றாரா? கம்ப்ரெசரை நிறுத்தச் சொல் என்றாரா? தலை சீவும்போது கண்ணாடியில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிப் பார்ப்பாள். உதடு ஒட்டவில்லை என்பது நன்றாக நினைவிருந்தது. ஆகவே அம்மா இல்லை, பாப்பா இல்லை. சிறிய வார்த்தைதான். அதற்கு மேல் போக முடியவில்லை. அதே கம்ப்ரெசர் தினமும் அவள் காதருகே இரைந்துகொண்டிருந்தது. விற்றுவிடலாம் என்றால் சோறு அதில்தான் இருந்தது.

இரண்டாம் வருடம் சிமென்ட் விலை ஏறியது. பின்னறையில் பாசி பிடித்தது. பலகைக்கல்லைச் சுற்றி எப்போதும் ஈரம் இருக்கும், அதில் பச்சையாக வழவழவென்று ஒன்று படர்ந்து, பொடிப் பொடியாகக் குமிழ் விட்டது. குமிழ் வந்தால் அங்கே ஓட்டை இருக்க வேண்டும் என்பது அவள் தொழில். விரலால் தடவிப் பார்த்தாள். ஓட்டை இல்லை. பாசியே குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. சில மாதங்களில், மூலையில் சாத்தி வைத்திருந்த அவள் கணவரின் துளைக் கம்பிகள் துரு ஏறிச் சிவந்தன. கீல்கள் சிவந்தன. முழங்கால் உயரத்துக்குச் சுவரே சிவந்தது. மளிகைக்காரரின் பருப்பில் வண்டு வந்தது. அவர் கோபித்துக்கொண்டு மூட்டைகளை எடுத்துப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் கல் டீச்சர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். ஒல்லியாக, எப்போதும் கைப்பையில் ஒரு கல்லோடு இருப்பவர். தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர் திறந்திருந்த கதவு வழியாகச் சிவப்புச் சுவரைப் பார்த்தார். ஸ்கூட்டரை மறந்துவிட்டார்.

"அக்கா, இந்தப் பாசி என்ன செய்யுதுன்னு தெரியுமா? வெளிச்சத்தைத் தின்னு காத்தை விடுது. நாம மூச்சு விடற காத்தை."

"அதுக்கா கம்பியெல்லாம் இப்படி ஆச்சு?"

"கம்பி மட்டும் இல்லை. அதுக்கு முன்னாடி இருந்த உயிருக்கெல்லாம் இந்தக் காத்து விஷம். பூமியில பாதிக்கு மேல செத்துப் போச்சு."

"இந்த வழுக்கற சனியனா கொன்னுச்சு?"

"கொல்லணும்னு நினைக்கலை. மூச்சு விட்டுச்சு, அவ்வளவுதான்."

அதன் பிறகு டீச்சர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தார். மூன்றாம் வருடம் அறைக்குள் பனி உறைந்தது. பாசி விட்ட காற்று பூமியைச் சூடாக வைத்திருந்த காற்றுப் போர்வையை உருவிவிட்டதால் வந்த குளிர் அது என்றார். தெருவில் அந்தக் கோடை முழுக்க யாரும் ஐஸ் வாங்கவில்லை. பாத்திரத்தோடு பஞ்சரக்காவின் வீட்டுக்கு வந்து சுரண்டிக்கொண்டு போனார்கள். துருவையும் பனியையும் வைத்து டீச்சர் கணக்குப் போட்டார். இங்கே ஒரு வருடம் போனால் அறைக்குள் பத்துக் கோடி வருடம் போகிறது. காற்று நகர்ந்துகொண்டிருந்தது. நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது.

பஞ்சரக்கா பேட்ச் ஒட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "அப்போ எங்க காலமும் வருமா? அவர் நின்னு பேசின அன்னிக்கு இருந்த காத்து?"

"வரும்க்கா. ஆனா..." டீச்சருக்குச் சொல்ல மனம் வரவில்லை. "மனுஷ இனம் மொத்தமுமே அந்த ரூம்ல ஒரே ஒரு நாள்தான். அதுல புகை, மெஷின், லாரி எல்லாம் கடைசி ஒரு நிமிஷம். நீங்களும் அவரும் வாழ்ந்தது ரெண்டு நொடிகூட இருக்காது."

"ரெண்டு நொடி போதும்" என்றாள் பஞ்சரக்கா. "அவர் சொன்னது ஒரு வார்த்தைதான்."

அந்த ஒரு வார்த்தை அறையின் கணக்கில் எவ்வளவு நேரம் என்று சொல்ல டீச்சர் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்கூட்டருக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார்.

அன்றிலிருந்து அவள் காத்திருக்க ஆரம்பித்தாள். அந்தக் காற்றை ஒரு டியூபில் பிடித்து வைக்கலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் எந்த டியூபும் காற்றை முழுதாக வைத்துக்கொள்ளாது, எப்படியும் கசியும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? நேரில் இருந்து கேட்பதுதான் வழி. கதவருகே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டாள். வேலை இல்லாத நேரமெல்லாம் அதில் உட்கார்ந்திருப்பாள்.

ஏழாம் வருடத்திலிருந்து பத்து வருடம் அந்த அறையில் ஒன்றுமே நடக்கவில்லை. உலகத்துக்கு அப்படி ஒரு காலம் இருந்தது, நூறு கோடி வருடம் கடலில் பாசி மட்டும் கிடந்து ஊறியது என்று டீச்சர் சொன்னார். காற்று மந்தமாக, வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு சலிப்போடு நின்றது. வெளியே எல்லாம் நடந்தது. தெரு அகலமாயிற்று, மரங்கள் போயின, குழாயில் தண்ணீர் வருவது நின்றது. மகளுக்குப் பல் விழுந்து முளைத்தது, பாவாடை போய்ச் சுடிதார் வந்தது, அம்மாவைவிட ஒரு பிடி உயரமாக வளர்ந்தாள். கடையின் ரப்பர்த் தூள் சின்ன வயதிலேயே அவள் நெஞ்சில் ஏறியிருந்தது. குளிர் நாளில் மூச்சு விசிலடிக்கும். அந்த விசிலைக் கேட்டுக்கொண்டே பஞ்சரக்கா முக்காலியில் உட்கார்ந்திருப்பாள், கண் கதவின் மேல்.

பதினேழு வயதில், படிப்புக்காக வெளியூர் கிளம்பும் முன்தினம், மகள் சொன்னாள். "அம்மா, அந்தக் கதவைப் பார்த்துக்கிட்டே சோறு போடறே. தட்டுல விழுதா தரையில விழுதான்னுகூடப் பார்க்கறதில்லை. எனக்கு அவர் முகமே ஞாபகம் இல்லை. ஆனா உன் முதுகு நல்லா ஞாபகம் இருக்கு."

"உனக்கும் சேர்த்துத்தாண்டி கேட்கப் போறேன்."

"நான் கேட்கச் சொல்லலையே."

பஞ்சரக்கா எழுந்து போனாள். மகளின் பெட்டியில் மாத்திரையும் இன்ஹேலரும் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள்.

தண்ணி லாரிக்காரர் அந்தப் பத்து வருடத்தில் வந்து சேர்ந்தவர். வாரத்தில் மூன்று நாள் தெருவுக்குத் தண்ணீர் கொண்டு வருவார். டேங்கர் டயரில் ஆணி ஏறாத நாளிலும் கடையில் நிறுத்தி, காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. தெருவில் அவளை அக்கா என்று கூப்பிடாத ஒரே ஆள் அவர்தான். வெறும் "ஏங்க" என்பார். அதை அவளும் கவனித்திருந்தாள். ஒருநாள் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம், வீல் நட்டுகளை உள்ளங்கையில் ஏந்தியபடி, நாம் ஒரே வீட்டில் இருந்தால் என்ன என்று கேட்டார். பார்க்கலாம் என்றாள். அடுத்த வருடம் கேட்டபோதும் பார்க்கலாம் என்றாள். அவர் முகம் சுளிக்கவில்லை. தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் காத்திருப்பது பழகியிருந்தது.

பதினெட்டாம் வருடம் மறுபடி பனி உறைந்து உருகியது. அதன் பிறகு அறை சும்மா இருக்கவில்லை. முதலில் உப்புத்தண்ணீரின் நாற்றம், எதுவோ பிறந்து எதுவோ சாகிற கவிச்சி. பிறகு கல்லின் மேல் பஞ்சு மாதிரி மெத்தென்று பச்சையாக ஒன்று. இருபத்தோராம் வருடம் சுவர் விரிசல்களிலிருந்து பெரணிச் செடிகள் கிளம்பித் தகரத்தை முட்டின. அந்தச் செடிகள் விட்ட காற்று லேசில்லை. தீக்குச்சி உரசினால் பந்தம்போல் எரிந்தது. அறையில் யாரும் நெருப்புப் பற்ற வைக்கக்கூடாது என்று டீச்சர் கதவில் எழுதி ஒட்டினார். காக்கை அளவுக்கு ஒரு தட்டாம்பூச்சி கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்தக் காற்றை இரண்டு மூச்சு இழுத்தால் முழங்கால் வலி போய்விடும், கண் தெளிந்துவிடும். விடுமுறைக்கு வந்த மகளின் விசில் நின்றது. பஞ்சரக்காவும் லாரிக்காரரும் வேலை முடிந்து பின்னறை வாசலில் உட்கார்ந்து, காரணமில்லாமல் சிரித்தார்கள். தலை நரைத்த இரண்டு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் விழுந்து விழுந்து சிரிப்பதைப் பெயிண்ட் கடைக்காரர் தன் கடையிலிருந்தே கேட்டார்.

அப்படி ஒரு சாயங்காலம் அவர் மறுபடி கேட்டார். சரி என்ற வார்த்தை அவள் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. வந்த வார்த்தை என்ன காரணத்தாலோ திரும்பிக் கதவைப் பார்த்தது.

"இன்னும் மூணு வருஷம்" என்றாள். "அதைக் கேட்டுட்டு வந்துடறேன்."

அவர் வாசற்படியிலிருந்து எழுந்தார். "மூணு வருஷம் எனக்கு ஒண்ணுமே இல்லைங்க. ஆனா நீங்க கேட்கப் போறது அவர் குரலை. அதைக் கேட்ட காதோட என்கிட்ட வருவீங்களா? அதுதான் எனக்குத் தெரியலை."

"நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள்.

"அதுவும் தெரியும்" என்றார். அந்த மாதக் கடைசியில் டேங்கரை விற்றுவிட்டுத் தன் அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். போகும்போது டேங்கரை வாங்கியவரிடம், இந்தக் கடையில் மட்டும் காற்றடி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். புது ஆள் அவளை அக்கா என்று கூப்பிட்டான்.

அடுத்த வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னறையிலிருந்து மஞ்சளாகப் புகை வந்தது. அழுகிய முட்டையும் கரியும் கலந்த நாற்றம். காலையில் ஆரம்பித்து மதியம் தாண்டி அடங்கியது. கதவைத் திறந்தபோது பெரணி ஒன்றுகூட இல்லை. தட்டாம்பூச்சி வாசற்படியில் கிடந்தது. வெளியே வரப் பார்த்திருக்கிறது. டீச்சர் அதைக் கைக்குட்டையில் எடுத்தார்.

"பூமிக்குள்ள இருந்த நெருப்புக் குழம்பு நிலக்கரியில ஏறிடுச்சுக்கா. அந்தப் பெரணிக் காட்டோட கரி. எரிஞ்சு, காத்து கெட்டு, கடல் கொதிச்சு... இருந்ததுல பத்துல ஒண்ணுகூட மிஞ்சலை. இதைவிடப் பெரிய சாவு இல்லை."

"அரைநாள்ல முடிஞ்சிடுச்சே."

"அரைநாள்னா அம்பதாயிரம் வருஷத்துக்கு மேல." டீச்சர் கைக்குட்டையை மடித்தார். "நாமளும் அதே கரியைத்தான் எரிக்கிறோம். ஒரு நிமிஷத்துல."

பஞ்சரக்கா யோசித்தாள். "பஞ்சர்னா வண்டி ஆட ஆரம்பிக்கும் டீச்சர். ஓரம் கட்டிடலாம். டயர் வெடிச்சா ஓரம் கட்ட நேரம் இருக்காது."

டீச்சர் அதை அடுத்த வாரம் வகுப்பில் சொன்னார். மாணவர்கள் சிரித்தார்கள், பிறகு எழுதிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அறை மெல்ல மெல்ல நமக்குத் தெரிந்த அறையாக மாறியது. ஒரு வருடம் பூ வாசனை வந்தது. உலகத்தின் முதல் பூ என்று கேள்விப்பட்டுப் பெண்கள் வந்து முகர்ந்து போனார்கள், பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். கடைசி வருடத்தில் ஒரு நாள் உள்ளே லாரி டயர் வெடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது, சுவர் முழுக்கக் கரி அப்பியது, வானத்திலிருந்து பெரிய கல் விழுந்தது என்றார் டீச்சர், மறுநாள் ஈரத் தரையில் எலி நாற்றம். பிறகு புல் வாசனை. சுவரில் தரையிலிருந்து மேலே வரை பட்டை பட்டையாக நிறங்கள் ஏறியிருந்தன: சிவப்பு, வெளுப்பு, கரும்பச்சை, மஞ்சள், கரி. டீச்சருக்கு ஓய்வுபெறும் வயது வந்துவிட்டது, தினமும் வந்தார். இனி எந்த நாளும் இருக்கலாம் என்றார். பஞ்சரக்கா மகளுக்குப் போன் செய்தாள். மகள் ஓர் ஆய்வகத்தில் இரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். இருபத்தொன்பது வயது. வா என்று அம்மா வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை என்பதால் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

வந்த மூன்றாம் நாள் விடிந்தபோது அறையில் விறகுப் புகை. கொழுப்பு நெருப்பில் சொட்டித் தீயும் வாசனை. யாரோ உட்கார்ந்து சமைக்கிறார்கள். "மனுஷங்க" என்றார் டீச்சர், ரகசியம்போல. பஞ்சரக்கா குளித்துவிட்டு நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். கடையைத் திறக்கவில்லை. கம்ப்ரெசர் அன்று வாய் திறக்கவில்லை. பலகைக்கல்லின் மேல் உட்கார்ந்தாள். மகள் சுவரோரமாக உட்கார்ந்தாள். டீச்சர் கதவில் நின்றார். நாள் முழுக்க அதே அடுப்புப் புகைதான்; இடையில் குளிர், இடையில் மழை. மதியச் சாப்பாட்டை மூவரும் மறந்துவிட்டார்கள். வெயில் சாயும் நேரத்தில் வைக்கோல் வாசனை வந்தது, சாணம் வந்தது, காடு எரிகிற புகை வந்தது. "கிட்ட வந்துட்டோம்" என்றார் டீச்சர். பஞ்சரக்கா கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டினாள். மணிச்சத்தம்போல, கூட்டம்போல ஏதேதோ தேய்ந்து தேய்ந்து கேட்டது. ஆயிரம் வருடப் பேச்சு ஒரு தேனீயின் ரீங்காரம் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

பிறகு கரி வந்தது. வந்தது என்று சொல்வதற்குள் அறை கறுத்தது. மண்ணெண்ணெய், டீசல், சாக்கடை, எரிகிற பிளாஸ்டிக், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. சூடு முகத்தில் அறைந்தது. ஓர் இரைச்சல் எழுந்தது. உலகத்திலுள்ள எல்லா கம்ப்ரெசரும் சேர்ந்து ஓடியதுபோல. அதற்குள்ளிருந்து ஒரு குரலைப் பொறுக்கி எடுக்க வேண்டும். பஞ்சரக்கா மூச்சை நிறுத்தினாள். அப்போது சுவரோரம் மகள் இருமுவது கேட்டது. இருமல் விசிலாயிற்று. விசில் நின்றது.

இருமல் கேட்கிறவரை பயமில்லை. விசில் கேட்கிறவரைகூடச் சமாளிக்கலாம். அது நிற்பதன் பொருள் அவளுக்குத் தெரியும். இருபது வருடத்துக்கும் மேலாக இந்த ஒரு நொடிக்காக உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். யோசித்து எழவில்லை. கறுப்புக்குள் துழாவி மகளின் கையைப் பிடித்து, தோளில் சாய்த்து, டீச்சரையும் இடித்துக்கொண்டு வெளியே இழுத்துப் போட்டாள். சமையலறைத் தரையில் உட்கார வைத்து, இன்ஹேலரைத் தேடிக் கொடுத்து, முதுகை நீவினாள். மகளுக்கு மூச்சு திரும்பியது. பஞ்சரக்கா திரும்பிப் பார்த்தபோது பின்னறைக் கதவு வழியாகத் தெளிந்த வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. புகை இல்லை. இரைச்சல் இல்லை. எல்லாம் முடிந்திருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை. கை மட்டும் மகளின் முதுகை நீவிக்கொண்டே இருந்தது.

"அம்மா" என்றாள் மகள், பேச முடிந்ததும். "நீ என்னைத் தூக்கறப்போ யாரோ ஒரு ஆள் பேசினாங்க. என் காது கிட்டயே."

கை நின்றது. "என்ன சொன்னாங்க?"

"இரு."

"இருக்கேன், சொல்லு."

"அதில்லைம்மா. அவர் சொன்னது. இருன்னு சொன்னார்."

பஞ்சரக்கா வாயைத் திறந்து, குரலில்லாமல், அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாள். உதடு ஒட்டவில்லை. "எப்படிச் சொன்னார்? கோபமாவா? பயந்தா?"

மகள் யோசித்தாள். "ரெண்டும் இல்லை. டியூபைக் கையில வச்சுக்கிட்டு நீ அவசரப்படற கஸ்டமர்கிட்ட சொல்லுவியே. அந்த மாதிரி."

அன்று படுக்கும்வரை பஞ்சரக்கா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். மகள் சலிக்காமல் சொன்னாள், ஒவ்வொரு தடவையும் அதே நிதானத்தோடு. அது தன்னிடம் சொன்னதா, இடுப்பிலிருந்து இறங்கப் பார்த்த குழந்தையிடம் சொன்னதா, பக்கத்தில் நின்ற ஆளிடமா என்று பஞ்சரக்கா கேட்கவில்லை. இத்தனை வருடம் தான் கேட்க நினைத்தது, முகமே நினைவில்லாத மகளின் காதில் போய் விழுந்ததில் அவளுக்கு ஒரு பொறாமை இருந்தது. இந்தக் குரல் இனி மகளுக்கு இருக்கிறது என்ற நிம்மதியும் இருந்தது. இரண்டும் அவளிடம் கடைசிவரை இருந்தன. ஒன்று மற்றதைத் துரத்தவில்லை. மகள் லீவை நீட்டித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள், பஞ்சரக்கா மகளின் தட்டைப் பார்த்துப் பரிமாறினாள்.

டீச்சர் மட்டும் அன்று நெடுநேரம் சுவரின் முன் நின்றிருந்தார். பட்டைகளுக்கெல்லாம் மேலே புதிதாக ஒரு கறுப்புக் கோடு, பென்சிலால் இழுத்ததுபோல. நகத்தால் சுரண்டினால் போய்விடும் கனம். உற்றுப் பார்த்தால் அதில் நீலமும் சிவப்புமாகப் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. பாசிக்கு ஒரு முழம், பெரணிக்கு ஒரு சாண், நமக்கு இது. ஆனால் கோட்டுக்குக் கீழே இருந்த நிறம் எதுவும் கோட்டுக்கு மேலே தொடரவில்லை. டீச்சர் சுரண்டவில்லை. விரலை எடுத்துவிட்டுக் கைப்பையிலிருந்த கல்லை அந்தச் சுவரோரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

காற்று நிற்கவில்லை. நம்மைக் கடந்து, இனி வரப்போகும் காலத்துக்குள் அதே வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருக்கிறது. முதல் சில வாரம் வெறிச்சென்று இருந்தது, துடைத்துவைத்த பாத்திரம்போல. பிறகு யாருக்கும் பெயர் தெரியாத ஒரு வாசனை வந்தது. புதினா என்றார் ஒருவர், ஈர நாய் என்றார் இன்னொருவர். தெருவில் மூச்சிரைப்பு உள்ள குழந்தைகளைக் கொண்டுவந்து அங்கே சற்று நேரம் உட்கார வைக்கிறார்கள். மகள் மாதம் ஒருமுறை வருகிறாள். இரண்டாம் வருடத்திலிருந்து ஒரு சத்தம் கேட்கிறது. பறவையில்லை, மிருகமில்லை, ஆளும் இல்லை. இரண்டு சுரமாக ஒரு கூவல். பிறகு பதிலுக்காக நிற்பதுபோல் ஒரு மௌனம். பிறகு மறுபடி கூவல். இன்னும் வீடு திரும்பாத யாரையோ கூப்பிடுவதுபோல் இருக்கும். முதலில் கேட்டபோது பஞ்சரக்கா கையிலிருந்த டியூபைப் போட்டுவிட்டு எழுந்து போய், அது நன்றாக வெளியே கேட்கட்டும் என்று கதவை அகலத் திறந்து வைத்தாள். இன்றுவரை அதற்குப் பதில் வரவில்லை. அதுவும் கூப்பிடுவதை விடவில்லை. தெருவுக்குப் பழகிவிட்டது, யாரும் தலை தூக்குவதில்லை. உச்சி வெயிலில் அது கூப்பிட ஆரம்பித்ததும் பெயிண்ட் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடப் போகிறார்.